தேர் பிந்தினால் யார் குற்றம்?

(பட்டிமன்றத் தலைப்பு: சமூகங்களுக்கிடையே முறுகலை வளர்ப்பது சமய, கலாசார வேறுபாடா, அந்த வேறுபாட்டைக் கையாளும் விதமா? ‘கையாளும் விதமே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணி அண்ணனுக்கும் அக்காவுக்கும் வணக்கம். கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு இந்தக் குளிரிலும் உட்கார்ந்திருக்கிற ஹட்டன் சபைக்கு இன்னொரு வணக்கம்.

எதிரணி அண்ணன் பேசியதன் சாரம் இதுதான். ஒருவருக்குப் புண்ணியமாகத் தெரிவது இன்னொருவருக்குப் பாவமாகத் தெரிகிறது. ஒருவர் காதில் நாதமாக விழுவது அடுத்தவர் காதில் இரைச்சலாக விழுகிறது. நல்லது கெட்டதை அளக்கிற படியே வேறாக இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும் என்று கேட்டார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். படி வேறு வேறுதான், அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அவர் சொன்னது சரியென்றால் ஒரு கணக்குச் சரிவர வேண்டும். படி எங்கே அதிகம் வேறுபடுகிறதோ அங்கே சண்டை அதிகமாக இருக்க வேண்டும். படி ஒன்றாக இருக்கிற இடத்தில் சண்டை குறைய வேண்டும். இரண்டையும் இந்த மலையிலேயே வைத்து நிறுத்துப் பார்ப்போம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசில் வேண்டாம், அதில் எப்படியும் இரண்டு கிலோ போய்விடும். நேரான தராசில் நிறுப்போம்.

படி அதிகம் வேறுபடும் இடம் எது? உடுப்பா, சாப்பாடா, சாமியா? இல்லை. கல்யாணமும் சொத்தும். ஒரு பெண்பிள்ளைக்கு அப்பன் சொத்தில் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், ஒரு சமூகம் எதை நியாயம் என்று நினைக்கிறது என்பது வெளியே வந்துவிடும்.

இந்தக் கடைவீதியில் பக்கத்துப் பக்கத்தில் நாலு வீடு இருக்கிறது என்று வையுங்கள். முதல் வீட்டுக்காரர் கண்டிச் சிங்களவர். அவருக்குக் கண்டியச் சட்டம். மகள் ‘தீக’ முறையில் கல்யாணம் முடித்துக் கணவன் வீட்டுக்குப் போனால் பரம்பரைக் காணியில் அவள் உரிமை போய்விடும். ‘பின்ன’ முறையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் போகாது. அதாவது அவளுடைய பங்கைத் தீர்மானிப்பது கட்டிலை எந்த வீட்டில் போடுவது என்பதுதான். இரண்டாவது வீடு முஸ்லிம் வீடு. உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. மூன்றாவது வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமைச் சட்டம் அவர் கூடவே ரயிலேறி வந்திருக்கிறது. அவர் பெயரிலேயே உறுதி இருந்தாலும் காணியை விற்கக் கணவனுடைய கையெழுத்து வேண்டும். நாலாவது, தோட்டத்திலிருந்து வந்து கடை போட்ட நம் ஆள். இந்த மூன்று சட்டமும் அவரைத் தொடாது. அவருக்குப் பொதுச் சட்டம்: பாதி மனைவிக்கு, மீதிப் பாதி ஆண் பெண் பாராமல் பிள்ளைகளுக்குச் சமமாக. நாலில் நல்லது நம்முடையதுதான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பங்கு போட லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா கூட நம் பெயரில் இல்லை என்பது வேறு விடயம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் அண்ணனுக்குத் தலையே சுற்றும். கண்டி நாட்டில் அண்ணன் தம்பிமார் ஒரே பெண்ணோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துவது ஒரு காலத்தில் ஒழுக்கமான குடும்பம்தான். வயலைத் துண்டு போடாமல் காப்பாற்ற அது உதவியது. 1859இல் ஆங்கிலேயர் கட்டளைச் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கினார்கள். நேற்று வரை குடும்பம், இன்று குற்றம். இதைவிடப் பெரிய ஒழுக்க வேறுபாட்டை எதிரணி காட்டட்டும்.

சரி, இந்த நாலு வீட்டுக்காரரும் எப்போதாவது ‘உன் மகளுக்கு ஏன் அரைப் பங்கு’ என்று கேட்டு ஒருவர் கடைக்கு ஒருவர் தீ வைத்தது உண்டா? கிடையாது. வேறுபாடு இருப்பதிலேயே ஆழமான இடத்தில் ஒரு கல் கூடப் பறக்கவில்லை. அது வீட்டுக்குள்ளே நடக்கிற விடயம் என்று அக்கா முணுமுணுக்கிறார். ஆமாம் அக்கா, நான் சொல்ல வந்ததும் அதுதான். ஒரே ரோட்டை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்காத வரைக்கும் வேறுபாடு தன்பாட்டில் கிடக்கிறது.

இரண்டாவது நிறுவை. படி ஒன்றாக இருக்கிற இடம். ஒரே தோட்டம், ஒரே பாஷை, ஒரே மாரியம்மன். சண்டை இல்லையா? நடுவர் ஐயா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். திருவிழாவில் முதல் காளாஞ்சி, அதாவது கோயில் மரியாதைத் தட்டு, யாருக்கு என்ற கேள்வியில் உடைந்த மண்டைகளைத் தோட்டத்து டிஸ்பென்சரி கொப்பியில் எண்ணலாம். தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவா கீழ் கணக்குப் பிரிவா, பழைய தலைவரா புதிய தலைவரா, அந்தச் சங்கமா இந்தச் சங்கமா. எல்லோரும் கும்பிடுவது அதே அம்மன். தப்பு மேளம் அடிக்கிறவரைப் பாருங்கள். தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை, தேர் இல்லை, சாவு இல்லை. ஒரு காலத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் அதே தப்பு. தேருக்கு முன்னால் அவர் வேண்டும், கோயிலுக்கு உள்ளே அவர் எங்கே நிற்பது என்பதில் மட்டும் நூறு நியாயம் பேசுவோம். இந்தச் சண்டைக்கு எந்தச் சமய வேறுபாட்டை எதிரணி காரணம் சொல்லப் போகிறது?

பலி விடயமும் அப்படித்தான். முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுவதும் பூசணிக்காய் வெட்டுவதும் இரண்டு ஒழுக்கங்கள். இரண்டும் ஒரே சமயத்துக்குள்ளே, சில நேரம் ஒரே குடும்பத்துக்குள்ளே இருக்கின்றன. இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் தோட்டங்களில் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சக்கரத்துக்கு ரோதமுனி இருக்கிறார், தேயிலை வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துசாமி இருக்கிறார். ஊரிலிருந்து கொண்டு வந்த சாமி பாதி, வேலை கொடுத்த சாமி பாதி. ‘ஆதிகாலம் தொட்டு மாறாத கலாசாரம்’ என்று எதிரணி பேசும்போது ரோதமுனி நமட்டுச் சிரிப்புச் சிரிப்பார்.

இனி எதிரணி நிச்சயம் தூக்கிக் காட்டப் போகிற இடத்துக்கு நானே போகிறேன். கம்பளை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரம். மேளமா, தொழுகையா? சமயச் சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று கேட்பார்கள். கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கம்பளை வல்லஹகொட தேவாலயம் சிங்களப் பௌத்தர் கும்பிடுகிற தெய்வத்தின் கோயில். அதன் பெரஹர ஊர்வலம் அம்பகமுவ வீதியால் போகும். அந்த வீதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்த கரையோரச் சோனகர் கட்டிய பள்ளிவாசல் ஒன்று வந்தது. பள்ளிக்கு முன்னால் மேளம் அடிக்க வேண்டாம் என்றார்கள் அவர்கள். தேவாலயத்து நிர்வாகத் தலைவரான பஸ்நாயக்க நிலமேயோ மேளத்தை நிறுத்தி ஊர்வலம் கொண்டுபோக முடியாது என்றார். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்ததா? இருந்தது. தொழுகிறவருக்கு ஓதல் கேட்க வேண்டும், கவனம் கலையக் கூடாது. மேளக்காரருக்கோ அது பொழுதுபோக்கு இல்லை. தேவாலயத்துக் காணியை அனுபவிப்பதற்கு ஈடாகப் பரம்பரையாகச் செய்து வருகிற சேவை. நடுவழியில் நின்றால் சேவை முறிந்தது, காணிக்கை குறைந்தது. இந்த அளவுக்கு எதிரணி சொல்வது சரி.

ஆனால் கவனியுங்கள். அந்த ஊரில் உள்ளூர்ச் சோனகர் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். அவர்களும் முஸ்லிம்கள்தான். அதே குர்ஆன், அதே ஐந்து வேளை. பெரஹர அவர்களுக்கு வழக்காகவில்லை. வழக்கானது புதிதாக வந்தவர்களுக்கு. சமயம்தான் காரணம் என்றால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கோபம் வந்திருக்க வேண்டாமா? உள்ளூர்க்காரருக்கு இந்தப் பெரஹர எந்த மாதம் வரும், எவ்வளவு நேரத்தில் கடந்துபோகும், யாரிடம் சொன்னால் இரண்டு நிமிடம் சத்தம் தணியும் என்பதெல்லாம் பழகிப் போயிருந்தது. வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க நிர்வாக ஒபிசுக்குப் போனார்கள்.

கச்சேரி என்ன செய்தது? நேரத்தைப் பேசித் தீர்க்க வேண்டிய விடயத்தை அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதியது. 1912இல் அந்த நிபந்தனையை ஏற்காமல் பெரஹர நின்றது. பிறகு வழக்கு. 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆதாரம் 1815 கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பௌத்தத்தையும் அதன் சடங்குகளையும் காப்போம் என்று ஆங்கிலேயர் கையெழுத்திட்டது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. பின்னால் வந்த பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் செல்லும் என்றது. கால் மணி நேர விடயம் ஒன்று, ஒரு அரசின் பழைய வாக்குறுதியா புதிய சட்டமா என்ற போராக மாறிவிட்டது. அதுவரை மேளத்தைச் சற்று நிறுத்தினால் மரியாதை. தீர்ப்புக்குப் பிறகு நிறுத்தினால் தோல்வி. மேளமும் மாறவில்லை, தொழுகையும் மாறவில்லை. நடுவில் காகிதம் வந்தது.

கலவரம் பற்றிக்கொண்ட நாளையும் பாருங்கள். 1915 மே 28ஆம் திகதி இரவு, கண்டியில் வெசாக். காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலைத் தாண்டிப் பக்திப் பாடல் ஊர்வலம் போக வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு போகலாம், அதற்குள் பள்ளி அடைத்துவிடும் என்பது ஏற்பாடு. ஊர்வலம் வந்த நேரத்தில் பள்ளியில் விளக்கு எரிந்தது, ஆள் இருந்தார்கள். பொலிஸ் ஊர்வலத்தைப் பக்கத்து வீதிக்குத் திருப்பப் பார்த்தது. கூச்சல், கல், பிறகு தீ. ஏற்பாடு இருந்தது, ஏற்பாட்டின்படி பள்ளி அடைத்துவிட்டதா என்று முன்கூட்டிப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. நான் குறிப்பாகச் சொல்வது இந்த ஓட்டையைத்தான்.

அடுத்த நாட்களில் அது கண்டியை விட்டு இறங்கிக் கொழும்பு, தெற்கு என்று ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அந்த ஊர்களில் எத்தனை பேருக்கு வல்லஹகொட எங்கே என்று தெரியும்? அரசாங்கக் கணக்கில் 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. கொள்ளை போன கடைகள் 4,000க்கும் மேல். அண்ணா, மேளச் சண்டையில் கடைக்கு என்ன வேலை? முதலாம் உலகப் போர் தொடங்கி அரிசி, துணி விலை ஏறியிருந்தது. சில்லறைக் கடையும் கடன் கொப்பியும் அந்த வியாபாரிகள் கையில் இருந்தன. கடன் கொப்பி எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு மேளம் நல்ல சாக்கு. போரும் விலைவாசியும் இல்லாத 1912இலும் மேளம் நின்றதே, ஏன் அன்று கடை எரியவில்லை என்பதற்கு எதிரணி ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

மலையகத்துக்கு விழுந்த அடிகளிலேயே பெரியதை இந்தத் தராசில் வைத்தால் எதிரணியின் பக்கம் காற்றுக் கூட ஏறாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொடு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் கொடு என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பூட்டனுக்குச் சான்றிதழ்! அந்தச் சட்டம் திருநீறு பூசியவரையும் சிலுவை போட்டவரையும் தொப்பி வைத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. சாமி எது என்று கேட்கவே இல்லை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களைப் பிரித்தபோதும் கேட்கவில்லை. வாக்குத்தான் கணக்கு. இதற்கு மேல் இதில் நிற்க வேண்டியதில்லை, சபைக்கு மனப்பாடம்.

2018க்கு வருகிறேன். பெப்ரவரி 22, கண்டி மாவட்டத்துத் தெல்தெனியப் பக்கம் வீதியில் முந்திப் போவதில் வந்த வாய்த்தகராறு. ஒரு சிங்கள லொறி ஓட்டுநரை நாலு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினார்கள். அது குற்றம், அதில் மழுப்ப எதுவும் இல்லை. பொலிஸ் பிடித்தது, விளக்கமறியல் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் அந்த ஓட்டுநர் வைத்தியசாலையில் இறந்தார். மார்ச் 4, 5இல் பக்கத்து ஊரான திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை, அடுத்த நாள் பேஸ்புக் தடை.

பத்து நாள் இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் இலக்கணத்தை வைத்தே சொல்லலாம். முதல் நாள் பேச்சு ‘அவன் அடித்தான்’. குற்றம் செய்தவனுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, வழக்கு இலக்கம் இருக்கிறது. ஐந்தாம் நாள் ‘அவனுங்க அடிச்சானுங்க’. பத்தாம் நாள் ‘அவனுங்க எப்பவுமே இப்படித்தான்’. ஒரு விகுதி மாறியது, அதோடு குற்றவாளிக் கூண்டில் நாலு பேருக்குப் பதிலாக ஒரு ஊர் ஏறி நின்றது. ஒழுக்கத் தீர்ப்பு இப்படித்தான் கெடுகிறது. சிங்களவருக்குத்தான் இது நடக்கும் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். சிங்களவரை ‘நாட்டுக்காரனுங்க’ என்று நம் லயத்தில் ஆரம்பிக்கிற பேச்சிலும் இதே விகுதிதான் வேலை செய்கிறது. கொலை தப்பு என்பதில் நாலு சமயத்துக்கும் ஒரே கருத்து. ஆகவே இந்த இடத்தில் படி வேறாகவே இல்லை, அண்ணா. அளவு ஒன்று, அளந்த கை கோணல். அந்தக் கோணலைப் பரப்பிய பதிவுகளைச் சிங்களம் புரிந்து தடுக்க ஆள் போதாமல் இருந்ததும் உண்மை. பேஸ்புக் நிறுவனம் 2020இல் இதற்காக வருத்தம் தெரிவித்தது.

திகனவுக்கு ஒரு வாரம் முந்தி அம்பாறையில் வேறொரு கூத்து. சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்துவிட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் ஹோட்டலை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. இந்தச் சபையில் குழம்பு வைக்கிற தாய்மாருக்குத் தெரியும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல் கொதிக்கிற குழம்பில் நேராகப் போட்டால் வெளியே வெந்து உள்ளே வெள்ளையாகக் கட்டி தட்டும். அந்தக் கட்டியை நசுக்கிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

ஹசலகவையும் சொல்லிவிடுகிறேன், அது கண்டி மாவட்டம். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் முடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஒரு முஸ்லிம் பெண் போட்டிருந்த உடுப்பில் சக்கரப் படம். தர்மச் சக்கரத்தை அவமதித்தார் என்று கைது. சுமத்தியது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கைச் சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். உடுப்பில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பண்டிதர் வேண்டாம். வழக்கமாக நாம் பார்க்கிற தர்மச் சக்கரத்தில் ஆரங்கள் வட்டத்துக்குள்ளேயே முடியும். கப்பல் சக்கரத்தில் ஆரம் வட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு கைப்பிடியாக நிற்கும், மாலுமி பிடித்துத் திருப்ப வேண்டுமே. பின்னால் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இங்கே மோதியது எந்தச் சமயமும் எந்தச் சமயமும்? அந்தப் பெண்ணின் சமயத்தில் சக்கரத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

எதிரணி அக்கா எழுந்தால் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அப்படியென்றால் எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்கிறாயா? இல்லை அக்கா. அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பயம். சிவனொளிபாதமலையில் ஒரே அடையாளத்தை ஒருவர் புத்தர் பாதம் என்கிறார், ஒருவர் சிவன் பாதம் என்கிறார், ஒருவர் ஆதம் பாதம் என்கிறார். மூன்று பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்பது மேடைக்கு அழகான பொய். மூன்றும் வேறு. மலைப் பாதையில் இவர்கள் முட்டிக்கொள்ளாமல் ஏறுவது கருத்து ஒன்றானதால் இல்லை. மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவம், ஒரு படிக்கட்டு, ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விடுகிற வழக்கம். அது இருந்தால் போதும்.

‘எல்லாம் ஒன்று’ என்று நம்புகிறவருக்குத்தான் முகம் சுருங்கும். தைப்பொங்கலுக்குப் பக்கத்துக் காம்பராவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் குடும்பம் இருக்கிறது. படைத்த பொங்கலைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ‘எல்லாம் ஒரே சாமிதானே, என் கைச் சோறு கசக்குதா?’ என்று பொங்கல் கொடுத்தவள் அழுவாள். கோபம் எங்கிருந்து வந்தது? அவர்கள் விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்பதில்லை என்று தெரியாததிலிருந்து. தெரிந்த வீடுகளில் என்ன செய்கிறார்கள்? பானை பொங்கினதும், வாழை இலையில் படைப்பதற்கு முன்னாலேயே, ஒரு சின்னச் சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுகிறார்கள். ‘இது படைக்காதது அக்கா’ என்ற ஒரு சொல்லோடு போகிறது, வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிக் கஞ்சியிலும் அப்படித்தான். மாட்டிறைச்சி போடுவதற்கு முன் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் பூண்டும் மட்டும் போட்ட கஞ்சியைத் தனி வாளியில் பிரித்து அனுப்புகிற மோதினார்மார் இருக்கிறார்கள். வேறுபாட்டைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் பானையைப் பிரித்தார்கள். தெரியாதவர்கள் மனதைப் பிரித்துக்கொண்டார்கள்.

கோயில் காசும் ஒன்று இருக்கிறது. திருவிழாப் பணத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லித் தோட்டத்து ஒபிசில் பட்டியல் கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போன குடும்பத்தின் பெயரும் பழைய பட்டியலில் அப்படியே கிடக்கும். சம்பளத் துண்டில் பார்த்ததும் சண்டை. தலைப்பு ‘மதமாற்றத்தால் தோட்டத்தில் பதற்றம்’. உள்ளே இருப்பது திருத்தாத ஒரு பட்டியல். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலை வாசித்து, கேட்டு, கையெழுத்து வாங்கிப் புதுப்பித்தால் அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி ஒபிஸ் மேசையிலேயே முடிந்துவிடும்.

சாவில் எரிப்பதா புதைப்பதா என்பதும் இதே கதை. இந்து என்றால் எரிப்பான் என்று கொழும்பில் நினைக்கிறார்கள். நம் தோட்டங்களில் பல இடத்தில் இந்துக்களும் புதைப்பவர்கள்தான். ஊரில் யாரும் யாருடைய குழியையும் எட்டிப் பார்த்ததில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் 2021 பெப்ரவரி வரை அது நின்றது. முஸ்லிம் வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று அக்குரணையில் கேளுங்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. வேறுபாடு நூற்றாண்டுகளாக இருந்தது, காயம் வந்த திகதி வர்த்தமானியில் இருக்கிறது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு கணக்கு மட்டும்.

ஊர்வலம் போகப் பொலிஸுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆறு மணித்தியாலத்தில் பந்தல் கூடக் கட்ட முடியாது. இரண்டு கிழமைக்கு முன் கோயில் தலைவரும் பள்ளி நிர்வாகத்தில் ஒருவரும் பன்சலைத் தாயக சபையில், அதாவது பௌத்த விகாரையின் உபயகாரர் சபையில், ஒருவரும் பாதையை ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். கையில் மணிக்கூடு வேண்டும். தேர் நாலரைக்குப் புறப்படுகிறது. பள்ளிவாசல் ஒன்றரைக் கிலோமீற்றர். வடம் பிடித்து இழுக்கிற வேகத்துக்கு முக்கால் மணி நேரம். ஐந்தேகாலுக்குத் தாண்டிவிடும் என்று எழுதிக் கொடுக்கிறோம். எழுதாதது ஒன்று இருக்கிறது: கடைக்குக் கடை அர்ச்சனைத் தட்டு. 25 கடை, கடைக்கு மூன்று நிமிடம், 75 நிமிடம். தேர் பள்ளிக்கு முன்னால் வந்து நிற்கும்போது ஆறரை. சித்திரையில் இங்கே மாலைத் தொழுகைக்கு அழைக்கிற மஃரிப் பாங்கு ஆறேகாலை ஒட்டி வரும், ஜமாஅத் என்கிற கூட்டுத் தொழுகை முடியப் பத்துப் பதினைந்து நிமிடம். சரியாக அந்த நிமிடத்தில் ஐம்பது தப்பும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும். அங்கே ஒரு இளைஞன் ‘நிறுத்து’ என்பான், இங்கே ஒரு இளைஞன் ‘எதுக்கு நிறுத்தணும்’ என்பான். காலையில் பத்திரிகையில் சமய முறுகல். தேர் பிந்தினதை யாரும் எழுத மாட்டார்கள்.

என்ன செய்யலாம்? பள்ளிக்கு இந்தப் பக்கம் பத்துத் தட்டுக்கு மேல் வாங்காதீர்கள், மற்றக் கடைகளுக்குத் திரும்பி வரும்போது. அப்படியும் பிந்தினால், பள்ளிக்கு முன்னுள்ள வளைவில் தேரைக் கட்டை போட்டு நிறுத்துங்கள். எவனோ சொன்னான் என்பதற்காக நிறுத்துவதில்லை இது. இந்தப் பனியில் ஒன்றரை மணி நேரம் அடித்தால் தப்புத் தோல் எப்படியும் தொய்ந்துவிடும், சத்தம் ‘தொப்பு தொப்பு’ என்றுதான் வரும். காய்ச்சியே ஆக வேண்டும். இரண்டு கட்டு மிலாறு விறகு முன்கூட்டியே அந்த வளைவில் கிடக்கட்டும், தீ மூட்டி எல்லாத் தப்பையும் சுற்றி வைத்துக் காய்ச்சுங்கள். தோல் இறுகக் கால் மணி நேரம் எடுக்கும். அதற்குள் உள்ளே ஸலாம் கொடுத்து முடித்திருப்பார்கள்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.